நண்பன் எப்படி மச்சான் ஆனான்?

லக்னோவிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த ஒருவர் தமிழ் கற்றுக்கொள்ள ரொம்பவே மெனக்கெட்டார். காதில் விழும் சொல்லையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் இந்தி எழுத்தில் குறித்துவைத்து, சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது ஒவ்வொன்றாக அர்த்தம் கேட்பார். ஒருநாள் கேட்டது 'மச்சான்'. மனைவியின் அண்ணன் என்று சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அதைச் சொல்லியா ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுகிறீர்கள்? எங்கள் ஊரில் அது வசவு."

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தியில் மனைவியின் சகோதரன் 'சாலா'. அக்காளின் கணவன் 'ஜீஜா'. ஜீஜா வீட்டுக்கு வந்தால் விழுந்து விழுந்து உபசரிப்பார்கள். சாலாவோ தெருச் சண்டையில் முதலில் வாயில் வரும் திட்டு. பெண் கொடுத்தவர் ஒரு படி கீழே, எடுத்தவர் ஒரு படி மேலே என்கிற வழக்கம் வடக்கே பல சமூகங்களில் ஊறியிருப்பதால், ஒரே கல்யாணத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சொல், இரண்டு மரியாதை. இங்கே கதை வேறு. என் மனைவியின் அண்ணனும் எனக்கு மச்சான், என் அக்காவைக் கட்டியவரும் எனக்கு மச்சான். ('அத்தான்' என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு, இளையவன் என்றால் மச்சினன், மாப்பிள்ளை என்று மாறும். அதெல்லாம் ஊருக்கு ஊர் வித்தியாசம்.) கொடுத்தவனுக்கும் எடுத்தவனுக்கும் ஒரே சொல் என்றால் யார் மேலே, யார் கீழே என்ற கேள்வியே எழாது. நண்பனிடம் அந்தச் சொல் போய் ஒட்டிக்கொண்டதற்குப் பாதிக் காரணம் இது. அன்றைக்கு டீக்கடையில் அரைகுறையாகச் சொன்ன மீதிப் பாதியை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நட்பைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. நண்பன், தோழன், சிநேகிதன், கூட்டாளி. ஆனால் இவற்றில் ஒன்றைச் சொல்லி உங்கள் உயிர் நண்பனை என்றைக்காவது கூப்பிட்டிருக்கிறீர்களா? "நண்பா" என்று யார் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். யூடியூபில் பேசுகிறவர், ஷோரூம் வாசலில் நோட்டீஸ் நீட்டுகிற பையன், பைக்கை உரசிவிட்டுச் சமாதானம் பேச வருகிறவர். நண்பா என்று அழைப்பவர் பெரும்பாலும் இன்னும் நண்பர் ஆகாதவர். பாஸ், ஜி, ப்ரோ எல்லாம் இதே வரிசைதான். பெயர் தெரியாத இடத்தை நிரப்ப வந்த சொற்கள்.

கல்லூரி விடுதியில் முதல் வாரம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். முதல் நாள் ராத்திரி, "பாஸ், இந்த பெட்ல ஆள் இருக்கா?" மூன்றாம் நாள், "ப்ரோ, சோப்பு இருக்கா?" பத்தாம் நாள் கேள்வியே கிடையாது. "டேய், உன் சோப்ப எடுத்துட்டேன்." ஒரு மாதம் கழிந்து வீட்டு நினைப்பில் ஒருவன் சாப்பிடாமல் படுத்திருக்கும்போது இன்னொருவன் தட்டோடு வந்து, "மச்சி, எழுந்திரு." 'ங்க' போய் 'நீ' வந்து, 'டா' வந்து, கடைசியில் ஓர் உறவுமுறை வந்து உட்கார்ந்தால் நட்பு பதிவாகிவிட்டது என்று அர்த்தம். அந்த உறவுமுறை எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் அண்ணன் இல்லை, ஏன் தம்பி இல்லை, ஏன் மச்சான்?

தமிழ் உறவுமுறை ஒருவன் வயதையொத்தவர்களை இரண்டு கூறாகப் பிரித்துவிடுகிறது. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா சித்தி பிள்ளைகளும் ஒரு பக்கம். அவர்கள் உடன்பிறப்பு முறை. மாமா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் இன்னொரு பக்கம். அவர்கள் கட்டிக்கொள்ளும் முறை. ஒரு பையனுக்கு இந்த இரண்டாம் பக்கத்து ஆண்களெல்லாம் மச்சான், மாப்பிள்ளை. புது ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போனால் பெரிசுகள் இரண்டு நிமிஷம் வேரைக் கிண்டி, "அப்ப நீ எனக்கு மாப்ள முறை வேணும்" என்று முடிவு கட்டிவிட்டுத்தான் இலை போடச் சொல்வார்கள். இது ஏதோ தாத்தா காலத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் 28 சதவீதம். நாட்டிலேயே அதிகம். மச்சான் இங்கே நிஜமாகவே நடமாடுகிற ஆள்.

இரண்டு பக்கத்தோடும் பழகும் விதம் வேறு வேறு. அண்ணன் என்றால் வயது வந்துவிடுகிறது, வயதோடு மரியாதை வந்துவிடுகிறது. அண்ணன் தெருமுனையில் தெரிந்தால் கையிலிருக்கும் சிகரெட் சாக்கடைக்குப் போய்விடும். தம்பி என்றால் புத்திமதி சொல்லும் உரிமை சேர்ந்தே வருகிறது. மச்சானிடம் இது இரண்டும் கிடையாது. அவனைக் கிண்டல் செய்யலாம். செய்யாவிட்டால்தான் "என்ன, கோபமா?" என்று கேட்பார்கள். தென் மாவட்டத் திருவிழாக்களில் முறைப்பையன் மேல் மஞ்சத் தண்ணி ஊற்ற ஓடுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணி அண்ணன் முறைக்காரன் மேல் விழாது. மானுடவியலில் இதற்குக் கேலி உறவு என்று பெயர். ராட்கிளிஃப்-பிரவுன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1940இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைப் பற்றிச் சொல்வது இதுதான்: இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் கல்யாணத்தால் சேரும்போது ஒட்டும் உண்டு, உரசலும் உண்டு. அந்த உரசல் சண்டையாகாமல் இருக்கத்தான் ஒருவரை ஒருவர் வாரிவிட அனுமதி. வாரிவிட்டாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

படித்துவிட்டு, என் நண்பர் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தேன். வாரிவிடுவதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

ஆக, விடுதியில் சேர்ந்த பையனுக்கு என்ன சொல் வேண்டும்? மேலே கீழே இல்லாத சொல், கேலிக்கு உரிமை தரும் சொல், அதேசமயம் 'நீ அந்நியன் இல்லை' என்று சொல்லும் சொல். புதிதாக ஒன்றை அவன் யோசிக்கத் தேவையே இல்லை, வீட்டிலேயே ஒன்று தயாராக இருந்தது. மச்சான் குறுகி மச்சி, மாப்பிள்ளை தேய்ந்து மாப்ள, மாமா ஆங்கில வாலோடு மாம்ஸ். (மாமா என்று முழுசாக, குறிப்பாகச் சென்னையில், நண்பனைக் கூப்பிடும்முன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வது நல்லது. அந்தச் சொல்லுக்கு இருக்கிற இன்னொரு தொழில் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.)

இந்த இடத்தில் பலரும் சொல்லாமல் தாண்டிப் போகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் 'மாப்ள' என்பது வெறும் செல்லப் பேச்சு அல்ல. 'உன் வீட்டில் பெண் எடுக்கலாம்' என்கிற பொருள் அதன் அடியில் கிடக்கிறது. அதனாலேயே அந்தச் சொல் பெரும்பாலும் சாதிக்குள்ளேயே சுற்றிவரும். வேற்றுச் சாதிக்காரனிடம் அண்ணே, தம்பி, பங்கு என்று பேசுவார்கள், மாப்ள என்று எளிதில் சொல்லமாட்டார்கள். சொன்னவன் யார், கேட்டவன் யார் என்பதைப் பொறுத்து அது வம்பாகவும் ஆகும். விடுதியிலும் பட்டறையிலும் ஐ.டி. கம்பெனிக் கேன்டீனிலும் யார் என்ன சாதி என்று கேட்காமலே எல்லோரும் எல்லோருக்கும் மச்சான் ஆனது சின்ன விஷயமில்லை. அந்தப் பையன்கள் புரட்சி செய்வதாக நினைத்துச் செய்யவில்லை, சோப்பு கேட்கத்தான் கூப்பிட்டார்கள். அதே பையன்கள் செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனதும் இந்தச் சொல்லை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது பங்காளி. உறவுமுறையில் இவன் மச்சானுக்கு நேரெதிர். ஒரே தாத்தா சொத்தில் பங்கு உள்ளவன் பங்காளி. சாவு விழுந்தால் தீட்டும் பங்கு, வரப்புத் தகராறும் பங்கு. பனங்காயையும் பங்காளியையும் பதம் பார்த்து வெட்டச் சொல்லும் பழமொழி நம்முடையது. அப்படிப்பட்ட சொல் நண்பனுக்கு எப்படி வந்தது? சொத்தும் சண்டையும் உதிர்ந்துபோய், பகிர்ந்துகொள்வது என்ற ஒன்று மட்டும் ஒட்டியிருக்கிறது. ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடிக்கிறவன், ரூம் வாடகையில் பாதி போடுகிறவன், ஒரு பிரியாணியை இரண்டு பேர் அடிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவன், அவன்தான் பங்கு. என் காதுக்கு இரண்டுக்கும் இன்றும் ஒரு வித்தியாசம் கேட்கிறது. காதல் தோல்வியைச் சொல்ல "மச்சி" என்று ஆரம்பிப்பவன், ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக் கேட்க "பங்கு" என்று ஆரம்பிக்கிறான். உங்கள் காதுக்கு வேறு மாதிரி கேட்கலாம்.

சகலையையும் விட்டுவிடக் கூடாது. அக்காளை ஒருவனும் தங்கையை ஒருவனும் கட்டினால் இருவரும் சகலை. ஒரே ஹாஸ்டல் பெண்களின் பின்னால் சுற்றுகிற இரண்டு பையன்கள், அந்தப் பெண்களுக்குத் தகவலே தெரியாத நிலையிலும், ஒருவரை ஒருவர் சகலை என்று கூப்பிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள்.

ஊர் மாறினால்

சென்னைத் தமிழ் உருதுவோடும் தெலுங்கோடும் நெடுநாள் குடித்தனம் நடத்தியது. மாமே, நைனா, அண்ணாத்தே, தோஸ்து எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். தோஸ்து பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல், நண்பன் என்றே பொருள். அதிலும் நெருங்கியவன் ஜிகிரி தோஸ்து. ஜிகர் என்றால் ஈரல். நாம் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிற இடத்தில் பாரசீகக்காரர்கள் ஈரலைச் சொல்கிறார்கள். மதுரையில் பாலும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமும் போட்டுத் தருகிறார்களே ஜிகர்தண்டா, அதில் இருப்பதும் இதே ஈரல்தான். அதைக் குளிர்விப்பது அந்த பானம். கோடையில் ஜிகிரி தோஸ்து வாங்கித் தரவேண்டியது ஜிகர்தண்டா என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

தெற்கே போகப் போகச் சொல்லின் ருசி மாறும். மதுரைக்குக் கீழே, கரிசல் பக்கம், சேக்காளி. சேர்க்கை என்பதிலிருந்து பிறந்தது. அந்தச் சேர்க்கைக்கே அம்மாக்கள் வாயில் வேறு முகம் உண்டு. "படிப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, சேர்க்கைதான் சரியில்ல." அதாவது மகன் தங்கம், கெடுத்தது பக்கத்து வீட்டுக்காரியின் மகன். அந்த வீட்டிலும் இதே வசனம் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். திருநெல்வேலியில் சமவயதுக்காரர்கள் 'ஏலே' என்றும், கொஞ்சம் மரியாதை கலந்தால் 'என்ன வே' என்றும் பேசிக்கொள்வார்கள். அங்கே 'மூதி' என்று திட்டு வாங்கினால் முகம் வாடத் தேவையில்லை. மூதேவி என்பதன் சுருக்கம் அது, நெருங்கியவர்களுக்குத்தான் கிடைக்கும். நாகர்கோவில் பக்கம் போனால் மக்கா, மக்களே. பிள்ளை என்று பொருள்படும் சொல்லை ஒத்த வயதுக்காரனிடமும் சொல்கிறார்கள். கேட்கும்போது தலையைத் தடவிவிட்ட மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் நண்பனைக் கூப்பிடும் சொற்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

எல்லையைத் தாண்டினாலும் மச்சான் விடுவதில்லை. மலையாளத்தில் நண்பனை 'அளியா' என்று கூப்பிடுகிறார்கள். அளியன் என்றால் அக்காளைக் கட்டியவன், மனைவியின் சகோதரன், இரண்டும். அப்படியே நம் கதை. தெலுங்குப் பையன்கள் மாமா, பாவா என்கிறார்கள், அதே கட்டிக்கொள்ளும் பக்கத்து உறவு. பெங்களூரில் கன்னடம் பேசுகிறவர்களும் 'மச்சா' என்கிறார்கள். இலங்கையில் இன்னும் சுவாரசியம். சிங்களத்தில் மைத்துனனைக் குறிக்க 'மஸ்ஸினா' என்று சொந்தமாகவே ஒரு சொல் உண்டு. இருந்தும் நண்பனைக் கூப்பிட நம்மிடமிருந்து வாங்கி 'மச்சங்' ஆக்கிக்கொண்டார்கள். கொழும்பில் சிங்களப் பையன்கள் பேச்சில் நிமிஷத்துக்கு ஒரு மச்சங் விழும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலாய்க்காரர், சீனர் வாயிலும் 'மச்சா' உண்டு. அங்கே அது பெரும்பாலும் இந்தியரைக் கூப்பிடுகிற சொல். யார், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து இனிக்கும், அல்லது உறுத்தும்.

உறவின் வாசனையே இல்லாத ஒரு சொல்லும் நம்மிடம் உண்டு, தோழர். சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் சுற்றிப் பார்த்துவிட்டு 1932இல் திரும்பிய பெரியார், பெயருக்கு முன்னால் ஸ்ரீ, திருவாளர் என்றெல்லாம் போடாமல் தோழர் என்று போடும்படி தன் குடிஅரசு இதழ் மூலம் கேட்டுக்கொண்டார். இன்றும் இடதுசாரி, பெரியாரிய வட்டங்களில் அது புழங்குகிறது. ஆனால் கவனித்திருக்கிறேன், கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் இளைய தோழர்கள் மச்சிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பெண்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

இதுவரை சொன்னதெல்லாம் பையன்கள் கதை. பெண்களுக்கு ஏன் இப்படி ஒரு பட்டியல் இல்லை? கட்டிக்கொள்ளும் பக்கத்து உறவில் பெண்ணுக்குப் பெண் யார் என்று பாருங்கள்: நாத்தனார், அண்ணி. தோழியை "ஏய் நாத்தனாரே" என்று யாராவது செல்லமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மச்சானும் மச்சானும் எப்போதாவது சந்தித்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே சமையற்கட்டில் நாள் முழுக்க ஒருவர் கண்ணில் ஒருவர் படுகிறவர்கள். ஒரே முறையிலிருந்து பிறந்தாலும் அந்தச் சொல்லில் கேலியை விடக் கசப்பு கூடுதல். அதனால்தானோ என்னவோ, கல்லூரிப் பெண்கள் பையன்களின் பெட்டியிலிருந்தே 'மச்சி'யை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் பேருந்தில் "மச்சி, அந்த நோட்ஸ் அனுப்பு" என்று பேசிக்கொண்டால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் இன்னும் 'டீ', 'அடியே', 'ஏ புள்ள' தான்.

தோழி என்ற சொல்லுக்கு மட்டும் வயது இரண்டாயிரத்துக்கு அருகில். அங்கேயும் உறவு எட்டிப்பார்க்கிறது. தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. தலைவியைத் தூக்கி வளர்த்தவளின் மகள், அதாவது பாதி அக்கா. 'யாவரும் கேளிர்' என்ற புறநானூற்று வரியில் வரும் கேளிர் என்ற சொல்லும் சொந்தக்காரர், நண்பர் என்று இரண்டு பொருளையும் சுமக்கிறது. இரண்டையும் கலப்பது நேற்றைக்கு விடுதியில் ஆரம்பித்த பழக்கமில்லை.

ஆண் பெண் நட்புக்குச் சமீபத்தில் வந்த சொல் பெஸ்டி. பெஸ்ட் ஃப்ரெண்டின் சுருக்கம்தான், ஆனால் மீம் போடுகிறவர்கள் கையில் அகப்பட்டு, 'என் காதலியின் ஆண் நண்பன்' என்கிற சந்தேகப் பிராணியாக மாறிவிட்டது. ஒரு ஆணும் பெண்ணும் சும்மா நண்பர்களாக இருக்கலாம் என்பதை ஏற்க மனசு வராதவர்கள் செய்த வேலை இது என்பது என் எண்ணம். அந்த நட்பைக் கூப்பிட நம் உறவுமுறையில் பொருத்தமான சொல் கிடையாது. மச்சான் என்றால் கல்யாணம் வந்துவிடும், அண்ணன் என்றால் கதவு சாத்தியாகிவிடும். பிறகு ஆங்கிலத்திடம் கடன் வாங்காமல் என்ன செய்வது?

அப்புறம், எல்லா நட்பும் மச்சான் தரத்தை எட்டுவதில்லையே. பயணத்தில் இட்லியைப் பகிர்ந்து, குடும்பக் கதை முழுவதையும் கொட்டி, இறங்கும் ஸ்டேஷனோடு முடிந்துபோவது ரயில் சிநேகம். ஒரே வயது, ஒரே தெரு என்பதாலேயே கூடித் திரிகிறவன் 'நம்ம செட்டு'. ஒருவனிடம் பணமோ பதவியோ இருப்பதால் ஒட்டிக்கொண்டிருப்பவன் அல்லக்கை, அவன் சொல்வதற்கெல்லாம் தாளம் போடுகிறவன் ஜால்ரா. ஓசியில் சாப்பிட மட்டும் வருகிறவனுக்குத் தனிப் பெயர் தேவையில்லை, பில் வரும் நேரத்தில் கை கழுவப் போவதை வைத்தே அடையாளம் தெரியும். நாலடியார் இப்படி மூன்று தரம் பிரிக்கிறது. தினமும் தண்ணீர் விட்டால்தான் பிழைக்கும் கமுகு போன்ற நட்பு கடைசி. அவ்வப்போது விட்டால் போதும் என்கிற தென்னை நடு. விதை போட்டதோடு சரி, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் நிற்கிற பனை முதல் தரம். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் போன் பண்ணி, எடுத்தவுடன் "செத்துட்டியா இல்ல இருக்கியாடா?" என்று கேட்கிற ஒருவன் உங்களுக்கும் இருப்பான். அவன் பனை.

லக்னோக்காரரை மறந்துவிடவில்லை. ஒரு வருஷம் கழித்து எங்கள் டீமில் ஒருவனுக்குத் திண்டுக்கல் பக்கம் கல்யாணம். நம்மவரும் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். இங்கே பல சமூகங்களில் பெண்ணின் அண்ணனோ தம்பியோதான் மாப்பிள்ளைத் தோழனாக மணமகன் பக்கத்தில் நிற்பார். அதை அவருக்குக் காதோடு விளக்கினேன். "அப்படியென்றால் சாலாவும் தோஸ்தும் ஒரே ஆளா?" என்று கேட்டு, நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். தாலி கட்டி முடிந்து போட்டோவுக்கு நிற்கும்போது உற்சாகம் தாங்காமல் கீழேயிருந்து கையைத் தூக்கி, "மச்சான்!" என்று ஒரு சத்தம் போட்டார்.

மேடையில் மாப்பிள்ளை திரும்பினான். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைத் தோழனும் திரும்பினார். முன்வரிசை நாற்காலிகளில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஐந்தாறு பேரும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து பார்த்தார்கள்.